இரண்டு கார்டு அரிசி

மாட்டுங்காவில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. இருபத்தெட்டு வயதில் அந்தப் படிகளை நான் நான்கு தவணையாக ஏறுவேன். முதல் மாடி ஜன்னலருகே நின்று, தெருவில் ஏதோ நடப்பதுபோலப் பார்ப்பேன். இரண்டாவது மாடியில் செருப்பு வாரைச் சரிசெய்வேன். அதற்கு மேல் காரணங்கள் தீர்ந்துவிடும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வெறுமனே நிற்பேன். மேலே கதவு திறந்திருக்கும். என் மனைவி கையில் தண்ணீர்ச் செம்போடு நிற்பாள். என் மூச்சு அடங்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அவளுடைய அப்பா முப்பத்தெட்டு வயதில் போனவர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தவர். ஒரு நாள் மத்தியானம் அந்த மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டார். நானும் பாலக்காடு. நானும் ஃபோர்ட். நானும் டைப்ரைட்டர். கல்யாணம் பேசியபோது இதெல்லாம் பொருத்தமாகத்தான் தோன்றியிருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், குழந்தையில்லாத இரண்டு அறைகளில், படியேறி வருகிற என் மூச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தப் பொருத்தம் பயமாகியிருந்தது.

அவள்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மராட்டிக்காரர். என் மார்பில் தட்டிப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார். ஆபீஸில் என்ன வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஸ்டெனோ என்றேன். வீட்டுக்கு வந்தால்? படிப்பேன், ஏதாவது எழுதுவேன். அங்கேயும் உட்கார்ந்து இங்கேயும் உட்கார்ந்து இருந்தால் நாற்பதைப் பார்க்க மாட்டீர், எழுந்து நடந்து பழகும், வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டும், நன்றாகச் சாப்பிடும் என்றார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

"ஃபார்ட்டின்னு என்னமோ சொன்னாரே, என்ன அது?"

"ஒண்ணுமில்லை. நடக்கச் சொன்னார்."

"நடந்தா நாற்பது தாண்டலாம்னுதானே சொன்னார்?"

"ஆமாம்னு வெச்சுக்கோயேன்."

"வெச்சுக்கறது என்ன? ஞாயித்துக்கிழமையே ஆரம்பியுங்கோ. நேக்கு நீங்க நாற்பது தாண்டணும்."

ஏதோ கடையில் சாமான் கேட்பதுபோலச் சொன்னாள். நான் சிரித்தேன்.

முதலில் சயான் வரைக்கும். அவ்வளவுதான். மாட்டுங்காவிலிருந்து சயானுக்கு நடப்பதை ஒரு சாதனை என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நான் பாதியில் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன சாமி, ரயில் எஞ்சின் கணக்கா மூச்சு விடுதீரு? ஆரு வெரட்டுதா உம்மை?"

கறுத்து, குட்டையாக, தோளில் துண்டோடு ஒரு மனிதர். என் வயதுதான் இருக்கும். பேச்சு திருநெல்வேலி. தாராவியில் ஒரு தோல் கிட்டங்கியில் மேஸ்திரி என்றார். பதப்படுத்தாத தோல்களுக்கு உப்புப் போட்டுப் போட்டு அவர் உள்ளங்கை வெளுத்து வெடித்திருந்தது. செம்பூரில் தங்கை இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு நடந்தே திரும்புகிறவர்.

"ரயில் உண்டே?" என்றேன்.

"ரயிலு என்னத்துக்கு? காலு இருக்குல்லா. எந்திரியும். மூக்கால இழுத்து வாயால விடும். பேசிக்கிட்டே வாரும், தூரம் தெரியாது."

அப்படித்தான் அவர் என் ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் வந்தார். மூன்றாவது வாரம் சயான் தாண்டினேன். இரண்டு மாதத்தில் செம்பூர் பார்த்தேன். அப்போது செம்பூர் ஊராகவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், நடுவே சதுப்பு, பனங்காடு, யுத்தத்துக்காக ஓடுகிற பச்சை நிற லாரிகள் கிளப்பிய புழுதி. அந்தப் புழுதியில் நின்று நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் காலால் ஓரிடத்துக்கு வந்திருக்கிறேன் என்று தோன்றியது. இதற்கு முன்னால் என்னை ரயில்கள்தான் சுமந்திருந்தன.

உடம்பு ஒரு விசித்திரமான பிராணி. ஒரு தடவை ஆசை காட்டிவிட்டால் விடாது. செம்பூர் போதவில்லை. குர்லா வழியாகக் காட்கோபர் போனோம். அங்கே குன்றின் மேல் ஓடி ஏறுவது என்று பந்தயம் வைத்தோம். வார நாட்களில் ஃபோர்ட்டிலிருந்து சாயங்காலம் நடந்தே வீடு திரும்பினேன். டிராமில் தொங்கிக்கொண்டு போகிற ஆபீஸ் சிநேகிதர்கள் "என்ன ஓய், பாஸ் தொலைஞ்சுபோச்சா?" என்று கத்துவார்கள். கையசைப்பேன். மழைக்காலம் முழுவதும் மொட்டை மாடிக்கும் தரைக்குமாகப் படியேறி இறங்கினேன். ஆரம்பித்து ஒரு வருஷம் ஆவதற்குள் எங்கள் வீட்டுப் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்ட ஆரம்பித்திருந்தேன்.

மாதம் பிறந்தால் ஒரு சடங்கு. அவள் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுப்பாள். நான் நாற்காலியில் காலை வைத்து நிற்பேன். ஆடுதசையைச் சுற்றி அளந்து, அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாள். போன மாதக் கோட்டைவிட இது கொஞ்சம் நீளம்.

"பாருங்கோ, காலிஞ்சு."

"காலிஞ்சு என்ன, அரையிஞ்சு."

"டேப் என் கையில இருக்கு. காலிஞ்சுதான். இன்னும் சாப்பிடணும்."

அந்த டேப்பை நான் ஒரு நாளாவது வாங்கி அவள் கையைச் சுற்றி அளந்திருக்கலாம். இது இத்தனை வருஷம் கழித்து வருகிற யோசனை.

அந்த வருஷம்தான் ரேஷன் வந்தது. ஆளுக்கு ஒரு கார்டு. வாரத்துக்கு இவ்வளவு தானியம். அதில் கொஞ்சம் அரிசி, பாக்கி கோதுமை. மாட்டுங்காவே மூக்கைச் சிந்தியது. கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் பெண்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் இட்ட சப்பாத்தி சப்பாத்தியாக வரவில்லை. ஆபீஸில் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் ஒவ்வொரு முகமும் துக்கம் விசாரிக்க வந்த முகமாக இருக்கும். நானும் ஒரு வாரம் தின்று பார்த்தேன். வயிற்றில் கல்லைக் கட்டியதுபோல இருக்கிறது, இதைத் தின்றுவிட்டு நடக்க முடியாது என்றேன்.

"நீங்க சாதமே சாப்பிடுங்கோ. கோதுமையை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றால் தின்றுகொள்கிறேன் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊரெல்லாம் அரிசிக்கு ஏங்கிய நாட்களில் என் தட்டில் மட்டும் வெள்ளையாகக் குவியல். எப்படி என்று நான் கேட்கவில்லை. பசிக்கிறவன் கேட்பதில்லை. நடக்க நடக்கப் பசித்தது. பசிக்கப் பசிக்கத் தின்றேன். தின்றதால் இன்னும் தூரம் நடந்தேன். டாக்டர் சொன்ன மூன்றையும் அட்சரம் பிசகாமல் செய்தேன்.

எங்கள் வீடுகளில் புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்டாட்டி சாப்பிடுவாள். எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவள் பரிமாறுவாள். "போறுமா?" என்பாள். நான் போதும் என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு கரண்டி விழும். கை கழுவிவிட்டு முன்னறைக்குப் போய்ப் பாயில் சாய்வேன். கால்களில் இனிமையான வலி. கண் செருகும்போது உள்ளே கரண்டி பானையில் படுகிற சத்தம் கேட்கும். கர், கர், கர். அவள் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். அது எடுத்துப் போட்டுக்கொள்கிற சத்தமா, வழிக்கிற சத்தமா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. காது கொடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு ஞாயிறு, நடந்து திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி என்னைத் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரே அறை. வெளியே உலரும் தோல்களின் நெடி. நான் வெளியே சாப்பிடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். வாசலருகே ஒரு பெட்டியின் மேல் உட்காரச் சொன்னார். அவர் சம்சாரம் அவருக்குச் சோறு போட்டாள். கனத்த உடம்பு, கனத்த குரல். அவர் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்.

"போதும், எந்திரிங்க."

"இன்னும் ஒரு கரண்டி போடேன்ளா."

"ஒரு கரண்டியும் கெடையாது. பானைய வழிச்சு உமக்குப் போட்டுட்டு நான் மண்ணையா திங்க? நானும் ஒரு கார்டுதான், தெரியும்லா?"

"சாமி இருக்காரு, சத்தம் போடாத."

"சாமியும் கேக்கட்டும். சாமி வீட்டம்மாவும் ஒரு கார்டுதான்."

மேஸ்திரி கையை உதறிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குரலைக் கனக்க வைத்து, "நானும் ஒரு கார்டுதான், தெரியும்லா?"

அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"நெஜமாவே அப்படிச் சொன்னாளா?"

"நெஜமாத்தான்."

"இன்னொரு தரம் சொல்லிக் காட்டுங்கோ."

இன்னொரு தரம் சொல்லிக் காட்டினேன். அவள் சிரித்தாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு, "நீங்க எழுந்துக்க வேண்டாம்" என்று ஒரு கரண்டி சாதம் போட்டாள்.

வளையல்கள் முழங்கைக்கு வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ரவிக்கைகளை அவளே பிரித்து உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், அதே டேப்பை வைத்துக்கொண்டு. கேட்டால் வெயில் என்றாள். மழைக்காலத்தில் ஜலதோஷம் என்றாள். நான் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். உடம்பு தேறியவனுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் தெரியும்.

"நீயும் நடக்கணும். வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா இப்படித்தான் இருமல் வரும். வர ஞாயித்துக்கிழமை செம்பூர் போறோம்."

மறுக்கவில்லை. விடிகாலையில் குளித்து, தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். எங்காவது கூட்டிக்கொண்டு போகிறேனே என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. மேஸ்திரி சயான் பக்கத்தில் வழக்கமான இடத்தில் காத்திருந்தார். நான் பழக்கத்தில் முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வெகு பின்னால் வந்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்த அதே மைல்கல். அதன் மேல் அவள் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து மூச்சை விழுங்கினாள். உதடு நீலம்.

"இதுக்கேவா?" என்றேன். "சயானே தாண்டலை. நான் இப்போ காட்கோபர் வரைக்கும் ஓடறேன் தெரியுமோ?"

"அதான் நீங்க ஓடறேளே" என்றாள், மூச்சுக்கு நடுவில். "ஆத்துல ஒருத்தர் ஓடினா போறாதா?"

சிரிக்கவும் பார்த்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குதிரை வண்டியைக் கூப்பிட்டு அவரே அவளை ஏறச் சொன்னார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சாமி, தப்பா நெனைக்காதீரும். அம்மாவுக்கு நடை வேண்டாம். மொதல்ல சோறு போடும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தோல் கிட்டங்கி மேஸ்திரி என் வீட்டு அடுக்களைக்குள் எட்டிப்பார்க்கிறாரே என்று. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

"எங்காத்துல சோத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை ஓய். உம்ம வேலையைப் பார்த்துண்டு போம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி சாமி" என்றார். செம்பூர்ப் பாதையில் தனியாகப் போனார். அதற்குப் பிறகு நான் வேறு நேரத்தில், வேறு பாதையில் நடந்தேன்.

தனியாக நடந்ததில் ஒரு வெறி வந்தது. பாண்டுப் வரை போய்த் திரும்புவது என்று தீர்மானித்தேன், ஒரே மூச்சில், நடந்தே. ரயில் பாதையை ஒட்டிக் குர்லா, காட்கோபர், அதற்கப்பால் உப்பளங்களின் வெள்ளை வெளி, பாண்டுப். பிறகு அதே வழியில் வீடு. கருக்கலில் கிளம்பி மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும். முதல் நாள் அவள் தயிர்சாதம் பிசைந்து கட்டி வைத்தாள். காலையில் கிளம்பும்போது இன்னொரு தட்டுச் சாதம். "போறுமா?"

அந்த நடையைப் பற்றி நான் எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உப்பளத்தின் மேல் சூரியன் எழுந்தபோது பூமி முழுவதும் கண்ணாடியானது. என் கால்கள் என்னைக் கேட்காமல் நடந்தன. நெஞ்சுக்குள் காற்று ஒரு பெரிய மைதானத்தில் விளையாடுவதுபோல் போய்ப்போய் வந்தது. பாண்டுப் ஸ்டேஷன் சுவரைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மைல்கல்லில் உட்கார்ந்தவன்! ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் பேனா நின்றுவிடும். அந்தக் காலை அவ்வளவு அழகாக இருந்தது என்பதை நான் யாரிடம் சொல்வது?

மத்தியானம் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினேன். கதவு திறந்திருந்தது. அவள் செம்போடு நிற்கவில்லை. அடுக்களையில், கரிக்கோடுகளுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டி மறைத்தாள். மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன். சிவப்பு.

"பாண்டுப் போயாச்சா?" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மூன்று மாடி. வழியெங்கும் கதவுகள் திறந்தன, முகங்கள் எட்டிப்பார்த்தன. அன்று காலை பாண்டுப் போய் வந்த கால்கள். ஒரு பெரிய மனுஷியைக் கையில் ஏந்தி இறங்குகிறேன், எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஒரு படியில்கூட நிற்கவில்லை. என் பலத்தால் என்று முதலில் நினைத்தேன். கீழே வந்து டாக்ஸிக்காக நிற்கும்போதுதான் கைகள் சொல்லின. அவளிடம் கனமே இல்லை.

க்ஷயம் என்றார்கள். இரண்டு நுரையீரலும். ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்தார்கள். வெகு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை போலிருக்கிறதே என்று டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தோளையும் மார்பையும் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை என்றுதான் அப்போதும் சொன்னேன்.

அந்த வாரம் முதல் தடவையாக நானே சமைத்தேன். இரண்டு கார்டையும் கொண்டுபோய் ரேஷன் வாங்கி வந்தேன். கோதுமையை ஒரு மூலையில் வைத்தேன். அரிசியைத் தகர டப்பாவில் கொட்டினேன். வழக்கமாக எவ்வளவு சாப்பிடுவேனோ அவ்வளவு வரும்படி கண்மதிப்பாகப் போட்டு வடித்தேன். துக்கத்தில் பசிக்காது என்பார்கள். பொய். பழகிய உடம்புக்குத் துக்கம் தெரிவதில்லை, வேளை வந்ததும் பசித்தது. நாலாவது நாள் காலையில் டப்பாவுக்குள் கையை விட்டேன். விரல்களில் தகரம் தட்டியது. வாரம் முடிய இன்னும் மூன்று நாள். சாப்பிட்டது நான் ஒருவன். இரண்டு பேர் அரிசி.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு குஜராத்திப் பெண்மணி. கையில் ஒரு கிண்ணம், நிறைய அரிசி.

"பாய்ஸாப், இஸ் ஹஃப்தே கேஹூ நஹீ மிலா" என்றாள்.

இந்த வாரம் கோதுமை வரவில்லையே என்கிறாள். எனக்குப் புரியவில்லை. என்ன கோதுமை என்றேன். அவளுக்கு நான் கேட்டது புரியவில்லை. உள்ளே எட்டி, மூலையிலிருந்த கோதுமைப் பையைக் காட்டினாள். தன் கிண்ணத்தைக் காட்டினாள். பையிலிருந்து தன் வீட்டுக்கு, கிண்ணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு என்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஹர் ஹஃப்தா, ஹர் ஹஃப்தா என்றாள். ஒவ்வொரு வாரமும். இரண்டு கார்டுக் கோதுமையும். ஒரு மணி மிச்சமில்லாமல்.

நான் பையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கவில்லை. அவள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மத்தியானம்தான் பார்க்க விடுவார்கள். அவள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். கன்னத்தில் காய்ச்சலின் சிவப்பு. அது அவளை முன்பைவிட அழகாக்கியிருந்தது.

"கோதுமையைக் கொடுத்து அரிசி வாங்கினயாமே."

"அவ சொல்லிட்டாளா?" சிரித்தாள். "பாவம், நல்லவ. சண்டை போட்டுடாதேங்கோ."

"அப்போ நீ என்ன சாப்பிட்டே?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டே?"

"ஏதோ. வடிச்ச கஞ்சி இருக்கும். உப்புப் போட்டா நன்னாத்தான் இருக்கும். அடியில ஒட்டிண்டிருக்கும் கொஞ்சம்."

"ரெண்டு வருஷமாவா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"என்கிட்டே ஏன் சொல்லலை? அந்த மேஸ்திரி ஆம்படையா சொன்ன மாதிரி ஒரு வார்த்தை. நான் எழுந்திருக்க மாட்டேனா?"

"எழுந்திருப்பேள். அதான் சொல்லலை." கொஞ்ச நேரம் மூச்சுக்காகக் காத்திருந்தாள். "மின்னெல்லாம் நீங்க மாடி ஏறறச்சே நான் மேலே நின்னுண்டு எண்ணுவேன். இங்கே நின்னாச்சு, இங்கே நின்னாச்சு. அப்பாவும் அப்படித்தான் ஏறுவார். இப்போ ரெண்டு ரெண்டு படியா சத்தம் வரும். தடதடன்னு. அதைக் கேட்டா நேக்குப் பசிக்கவே பசிக்காது. நெஜமா."

நான் கொண்டுபோயிருந்த சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். இரண்டு கவளம். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு வெகு நேரம் மென்றாள். விழுங்க முடியவில்லை. துப்புவதற்குச் சங்கடப்பட்டாள்.

"நீங்க சாப்பிட்டுடுங்கோ. வீணாகப் போறது" என்றாள்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் போய்விட்டாள். இருபத்தைந்து வயது. அன்று காலை நர்ஸ் வந்து சொன்னபோது நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். எத்தனையாவது நடையென்று தெரியவில்லை. மூச்சு மட்டும் சீராக இருந்தது.

அவளுடைய கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். குமாஸ்தா அதன் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். எங்கள் அடுக்களைச் சுவரில் இருந்த கோடுகளைப்போலவே கறுப்புக் கோடு. வீட்டுக்காரர் அடுத்த வருஷம் சுண்ணாம்பு அடித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கால்கள் தாமாகக் கிளம்பின. சயான் பக்கம் திரும்பவில்லை. தாராவிக்குப் போயின. தோல் நெடி, உப்பு மூட்டைகள், அந்த ஒற்றை அறை. மேஸ்திரி கதவருகே நின்றார். என் மொட்டைத் தலையைப் பார்த்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வாரும் சாமி" என்றார்.

உள்ளே போனேன். வெளியே சாப்பிடாதவன், அந்த வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் சம்சாரம் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு எனக்கும் அவருக்கும் போட்டாள். மேஸ்திரி வழக்கம்போல இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். "போதும், எந்தி..." என்று அவள் ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கோ அம்மா" என்றேன். "பாதியில நிறுத்தாதேங்கோ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடுங்கோ. நீங்க சாப்பிட்டு முடிக்கறவரைக்கும் நான் இங்கே இருக்கேன்."

என்ன இது என்பதுபோல அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் பானையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, சோறு போட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. ஒரு பெண் வயிறு நிறையச் சாப்பிடுவதை நான் அதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஒரு கவளம், இன்னொரு கவளம். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"என்ன சாமி, இப்படிக் கண்ணு வைக்கீய?" என்றாள். "எனக்கு வயித்த வலிக்கப்போவுது. அங்கிட்டுத் திரும்புங்க."

வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இன்று எனக்கு நாற்பத்தேழு. டாக்டர் சொன்னது பலித்திருக்கிறது. அவள் கேட்டதும் கிடைத்திருக்கிறது. இன்னமும் நடக்கிறேன், நிற்கச் சொன்னால் இந்தக் கால்களுக்குத் தெரியாது. அன்று தெருவில் ஈரத் தோலைத் தலையில் சுமந்து இருவர் போனார்கள். எனக்குப் பின்னால் அவள் மூன்றாம் தடவையாகப் பானைக்குள் கரண்டியை விட்டாள். சத்தம் கேட்டது. மெத்தென்று, அடங்கி, கனமாக. பானைக்குள் சோறு இருந்தால் கரண்டிச் சத்தம் அப்படித்தான் இருக்கும்.